சீனாவின் 'ஊமை ஆங்கிலம்'

ஆண்டுதோறும் மார்ச் மாதம் பெய்ஜிங்கில் தேசிய மக்கள் பேரவையும் மக்கள் அரசியல் ஆலோசனை மாநாடும் கூடும்போது, பொருளாதார வளர்ச்சி இலக்கும் ராணுவ ஒதுக்கீடுமே உலகின் கவனத்தை ஈர்க்கின்றன. ஆனால், 2021 மார்ச்சில் ஆலோசனை மாநாட்டின் உறுப்பினர் சூ ஜின் முன்வைத்த ஒரு யோசனை, சீனாவின் வீடுகள்தோறும் விவாதப் பொருளாயிற்று. சீன மொழி, கணிதம் ஆகியவற்றுக்கு இணையான முதன்மைப் பாடம் என்ற தகுதியை ஆங்கிலத்திடமிருந்து நீக்க வேண்டும். கல்லூரி நுழைவுத் தேர்வில் அது கட்டாயப் பாடமாக இருக்கக் கூடாது என்பதே அந்த யோசனை. மறு ஆண்டு தேசிய மக்கள் பேரவையின் உறுப்பினர் ஒருவரும் இதே கோரிக்கையை எழுப்பினார்.

சீன அரசு இதை ஏற்கவில்லை. 2022-இல் வெளியான கட்டாயக் கல்விக்கான பாடத்திட்டத்தில், மொத்தப் பாடவேளையில் அயல்மொழிக்கு 6 முதல் 8 விழுக்காடும், சீன மொழிக்கு 20 முதல் 22 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. ஆங்கிலம் நீடிக்கிறது. ஆனால், அந்த விவாதம் முழுவதிலும் கேட்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி போதிய அழுத்தத்துடன் கேட்கப்படவில்லை. பத்தாண்டுகளுக்குக் குறையாமல் ஆங்கிலம் பயின்று, கடினமான இலக்கணத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறும் ஒரு மாணவர், வாய் திறந்து பேசும்போது அயலவருக்குப் புரிவதில்லையே, ஏன் என்பதுதான் அந்தக் கேள்வி.

இந்த நிலைக்குச் சீனர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஊமை ஆங்கிலம்' என்பது அந்தப் பெயர். கண்ணால் படிக்கத் தெரியும், கையால் எழுதத் தெரியும், நாவால் சொல்லத் தெரியாது என்பது அதன் பொருள். குறை மாணவரின் நாவில் இல்லை. சொல்லிக்கொடுக்கும் முறையிலும், தேர்வு வைக்கும் முறையிலும்தான் இருக்கிறது என்பதை வரலாறு காட்டுகிறது.

பேசாத மொழிக்கு மதிப்பெண்

1950-களில் சீனப் பள்ளிகளில் முதன்மை அயல்மொழியாக இருந்தது ரஷிய மொழியே. சோவியத் ஒன்றியத்துடனான உறவு கசந்த பிறகு 1960-களில் ஆங்கிலம் அந்த இடத்துக்கு வந்தது. கலாசாரப் புரட்சி தொடங்கியதும் அதுவும் முடங்கியது. 1977-இல் கல்லூரி நுழைவுத் தேர்வு மீண்டும் நடத்தப்பட்டு, தொடர்ந்து டெங் சியாவோபிங்கின் சீர்திருத்தங்கள் வந்தபின் ஆங்கிலத்துக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டது. 2001-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நகரங்களிலும், அடுத்த ஆண்டில் சிற்றூர்ப் பகுதிகளிலும் மூன்றாம் வகுப்பு முதலே ஆங்கிலம் கற்பிக்க அரசு வழிவகுத்தது. உலக வணிக அமைப்பில் சீனா சேர்ந்ததும், 2008 ஒலிம்பிக் போட்டியை நடத்தும் வாய்ப்பு பெய்ஜிங்குக்குக் கிடைத்ததும் அதே 2001-இல்தான் என்பது கவனிக்கத்தக்கது.

எண்ணிக்கையில் இது மாபெரும் முயற்சி. ஆனால், தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே பள்ளி கற்பிக்கும். கல்லூரி மாணவர்களுக்கான நாடு தழுவிய ஆங்கிலத் தேர்வு 1987-இல் தொடங்கியது. அதன் பேச்சுத் தேர்வு 1999-இல்தான் வந்தது, அதுவும் விரும்பியோருக்கு மட்டும். பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறக்கும் நுழைவுத் தேர்விலும் பேச்சு நெடுங்காலம் மதிப்பெண்ணுக்கு வெளியே நின்றது. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில், மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு நேரம் செலவிட எந்த ஆசிரியர் முன்வருவார்?

விளைவு, மாணவர்களின் பாடநூல் ஓரங்களில் தெரிந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு அருகே, ஏறத்தாழ அதே ஒலி தரும் சீன எழுத்துகளை எழுதி மனனம் செய்வது பரவலான வழக்கம். 'தேங்க் யூ' என்பதற்குச் சீன எழுத்துகளில் 'சான் கெ யோ' என்று எழுதுவார்கள். அவ்வெழுத்துகளின் பொருள் 'மூன்று கிராம் எண்ணெய்'. இது நகைச்சுவையாகப் பேசப்பட்டாலும், ஒலியைக் கற்பிக்க யாரும் இல்லாத இடத்தில் குழந்தைகள் தாமே கண்டுபிடித்த ஊன்றுகோல் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

நா எங்கே இடறுகிறது?

சீனப் பொதுமொழியான மாண்டரினில் ஓர் அசையின் இறுதியில் மூக்கொலிகள் இரண்டும், வட்டார வழக்கில் ஒரு ரகர ஒலியும் தவிர வேறு மெய் வருவதில்லை. ஆங்கிலத்திலோ ஏறத்தாழ எல்லா மெய்களும் சொல்லின் இறுதியில் வரும். எனவே, 'குட்' என்று முடிய வேண்டிய சொல்லின் இறுதி மெய்யைச் சீன மாணவர் விழுங்கிவிடுகிறார்; அல்லது அதன்பின் ஓர் உயிரொலியைச் சேர்த்துவிடுகிறார். 'பஸ்' என்பது நம் ஊர்ப் பேச்சில் 'பஸ்ஸு' ஆவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது. தாய்மொழி தந்த பழக்கத்தை நா அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை.

'ஸ்ட்ரீட்' போல மெய்கள் அடுக்கி வரும் சொற்களும் மாண்டரினுக்குப் புதியவை. பல்லிடுக்கில் நா பட எழும் ஒலி அம்மொழியில் இல்லை என்பதால் 'திங்க்' என்பது 'சிங்க்' ஆகிறது, எண்ணுவது மூழ்குவதாகிவிடுகிறது. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்ற சொல்லும் செம்மறி ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்ற சொல்லும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. சிச்சுவான், ஹூனான், ஹூபே மாகாணங்களின் பல பகுதிகளில் லகரத்துக்கும் நகரத்துக்கும் வேறுபாடு இல்லை. அங்கே வளர்ந்த ஒருவருக்கு, விளக்கைச் சொல்லும் 'லைட்' என்ற சொல்லையும் இரவைச் சொல்லும் 'நைட்' என்ற சொல்லையும் பிரித்து உச்சரிப்பது தனிப் பயிற்சியாகிவிடுகிறது. ஆக, 'சீனர்களின் உச்சரிப்புக் குறை' என்று ஒன்று இல்லை. மாகாணத்துக்கு மாகாணம் அது வேறுபடுகிறது.

இவை அனைத்தையும்விடப் பெரிய தடை அழுத்தத்தில் இருக்கிறது. மாண்டரின் தொனி மொழி. 'மா' என்ற ஒரே அசை, குரல் ஏறி இறங்கும் விதத்தைப் பொறுத்துத் தாய், சணல், குதிரை, வசை என நான்கு பொருள் தரும். ஒவ்வோர் அசைக்கும் தனித் தொனி உண்டு என்பதால் பெரும்பாலான அசைகள் ஏறத்தாழ ஒரே கனத்துடன் ஒலிக்கும். ஆங்கிலமோ ஓர் அசையை உயர்த்தி, நீட்டி, மற்றவற்றைத் தேய்த்துவிடும் மொழி. எல்லா அசைகளையும் சம எடையில் உச்சரிக்கும்போது, ஒவ்வோர் ஒலியும் சரியாக இருந்தாலும், கேட்பவருக்குச் சொல்லின் உருவம் பிடிபடுவதில்லை. பதின்மூன்றைச் சொன்னாரா, முப்பதைச் சொன்னாரா என்ற குழப்பம் வணிகப் பேச்சில் பண இழப்பாகவே முடியும்.

எது திருத்தம்?

உச்சரிப்பைத் திருத்துவது என்றால் லண்டன்காரரைப் போலவோ நியூயார்க்காரரைப் போலவோ பேசுவது என்ற எண்ணமே சீனப் பெற்றோரிடம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இந்த எண்ணம் தவறு என்பதை ஆய்வுகள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. கனடாவைச் சேர்ந்த மன்றோ, டெர்விங் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்ட பத்துப் பேரின் ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேய மொழியினரைக் கேட்கச் செய்தனர். அயல் சாயல் மிகுந்திருப்பதாகக் கேட்டவர்கள் மதிப்பிட்ட பேச்சுகளில் பலவற்றை அவர்களால் பிழையின்றி எழுத முடிந்தது. சாயல் வேறு, புரிதல் வேறு என்பது அந்த ஆய்வின் முடிவு. அவ்விருவரும் வீபே என்பவருடன் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தனித்தனி ஒலிகளை மட்டும் திருத்தியவர்களைவிட, அழுத்தம், தாளம், ஏற்ற இறக்கம் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களின் இயல்பான பேச்சே கேட்பவருக்கு எளிதாகப் புரிந்தது என்று காட்டியது.

பிரிட்டன் மொழியியலாளர் ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000-இல் இன்னும் ஒரு படி முன்னே சென்றார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தமக்குள் பேசிக்கொள்ளும்போது உண்மையிலேயே குழப்பம் விளைவிப்பவை எவை என்று பட்டியலிட்டார். சீன மாணவர்கள் பல மாதங்கள் கண்ணாடி முன் நின்று பழகும் அந்தப் பல்லிடுக்கு ஒலி அந்தப் பட்டியலில் இல்லை. உயிரின் நீளம், சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்யடுக்கு, வாக்கியத்தின் முதன்மை அழுத்தம் ஆகியவை இருந்தன. எதைத் திருத்த வேண்டும் என்பதைப் போலவே எதை விட்டுவிடலாம் என்பதை அறிவதும் ஆசிரியரின் கடமை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இதற்கான வழிமுறைகள் செலவு மிக்கவை அல்ல. ஒரே ஒலி இணையைப் பல குரல்களில் கேட்கச் செய்து முதலில் செவியைப் பழக்குவது. ஈற்று மெய்யைத் தனியே நிறுத்தாமல் அடுத்த சொல்லின் உயிரோடு இணைத்து 'பிக்-இட்-அப்' என்பதை 'பிக்கிட்டப்' என ஒரே மூச்சில் சொல்லச் செய்வது. அழுத்தம் விழும் அசையில் ரப்பர் வளையத்தை இழுத்துக் காட்டுவது ஆகியவை ஒலியியல் தெரிந்த எந்த ஆசிரியரும் கிராமத்துப் பள்ளியிலும் செய்யக்கூடியவை. மெய்யீற்றின் முன் உயிர் வந்தால் இரண்டும் இணையும் என்பதைப் பள்ளியில் படித்த தமிழருக்கு இரண்டாவது வழி எவ்வளவு இயல்பானது என்பது புரியும். தேவைப்படுவது அயல்நாட்டு ஆசிரியர் அல்லர். மாணவரின் தாய்மொழியும் ஆங்கிலமும் எங்கே பிரிகின்றன என்பதை அறிந்த உள்ளூர் ஆசிரியர்.

வானில் கிடைத்த பாடம்

புரிதலே அளவுகோல் என்பதை உலகம் ஒருமுறை மிகக் கொடிய விலை கொடுத்து ஏற்றுக்கொண்டது. அந்த நிகழ்வு நடந்தது தில்லிக்கு அருகில்தான். 1996 நவம்பர் 12 அன்று தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும், தில்லியில் தரையிறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் மோதி 349 பேர் மாண்டனர். அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே கஜகஸ்தான் விமானம் இறங்கியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அவ்விமானக் குழுவினரின் ஆங்கிலப் புலமைக் குறைவும் விவாதிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1993 நவம்பரில் சீனாவின் உரும்சி நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 12 பேர் உயிரிழந்தனர். தரை நெருங்குகிறது, மேலே எழும்பு என்று விமானக் கருவி ஆங்கிலத்தில் விடுத்த எச்சரிக்கையின் பொருள் அதன் விமானிகளுக்குப் புரியவில்லை.

இத்தகைய விபத்துகளின் தொடர்ச்சியாகப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த மொழித் தகுதி விதிகள் 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தன. ஆறு கூறுகளில் ஒன்று உச்சரிப்பு. பணிக்குத் தேவையான நான்காம் நிலை என்ன சொல்கிறது? உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம். அது புரிதலை எப்போதாவது மட்டுமே தடுக்கலாம் என்கிறது. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்லும் விமானிக்கே இந்த அளவுகோல் போதும் என்றால், ஒரு பொறியாளருக்கும் ஆய்வு மாணவருக்கும் கடை ஊழியருக்கும் அதற்கு மேல் எதற்கு?

சந்தையும் சாமானியரும்

பள்ளி விட்ட இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. 1990-களில் லீ யாங் தொடங்கிய 'வெறித்தன ஆங்கிலம்' இயக்கத்தில், விளையாட்டரங்குகளை நிறைத்த ஆயிரக்கணக்கானோர் உரத்த குரலில் ஆங்கில வாக்கியங்களைக் கத்தினர். கூச்சத்தைப் போக்க அது உதவியிருக்கலாம்; ஆனால் பிழையான ஒலியை உரக்கச் சொன்னால் பிழைதான் உறுதிப்படும். பின்னர் இணையம் வந்தது. 2013-இல் தொடங்கப்பட்ட விஐபிகிட் போன்ற நிறுவனங்கள், வட அமெரிக்காவிலிருந்த ஆசிரியர்களைச் சீன நகரத்துக் குழந்தைகளின் கணினித் திரைக்குக் கொண்டுவந்தன. பணம் படைத்த வீட்டுப் பிள்ளைக்கு நல்ல உச்சரிப்பு, மற்றவர்களுக்கு 'மூன்று கிராம் எண்ணெய்' என்ற பிளவு ஆழமாயிற்று.

2021 ஜூலையில் சீன அரசு இந்தச் சந்தையை ஒரே ஆணையில் முடக்கியது. பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சியை லாப நோக்கில் நடத்தவும், வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு இணையவழி வகுப்பு எடுக்கவும் தடை வந்தது. அடுத்த மாதமே, ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளின் பருவ இறுதித் தேர்விலிருந்து ஆங்கிலத்தை விலக்கியது. மாணவர் சுமையையும் பெற்றோர் செலவையும் குறைப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. நோக்கத்தைக் குறை கூற முடியாது. ஆனால், வசதி உள்ளவர் வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்துக்கொள்வார். மேற்கு மாகாணத்து மலைக்கிராமத்துச் சிறுமிக்குப் பள்ளியைத் தவிர வேறு வழி கிடையாது. ஆங்கிலத்தின் இடத்தைக் குறைப்பதால் சமத்துவம் வந்துவிடாது. பள்ளியிலேயே அதைப் புரியும்படி பேசக் கற்பித்தால்தான் சமத்துவம் வரும்.

இது சீனாவால் முடியாத செயலா? நிச்சயமாக இல்லை. உச்சரிப்பை நாடு முழுவதற்கும் கற்பிப்பதில் சீனாவுக்கு நிகரான அனுபவம் வேறு நாட்டுக்கு இருக்குமா என்பது ஐயமே. 1956-இல் பொதுமொழிப் பரப்பலைத் தொடங்கி, 1958-இல் பின்யின் என்ற ஒலிபெயர்ப்பு முறையை அறிமுகம் செய்து, 1994 முதல் பொதுமொழி உச்சரிப்புக்கெனத் தனித் தேர்வும் நடத்தி வருகிறது அந்நாடு. மக்கள்தொகையில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பொதுமொழி பேசுவதாக 2020-இல் அரசு அறிவித்தது. இந்த முயற்சியில் கான்டனீஸ் உள்ளிட்ட மொழிகள் இழந்தவை தனிக் கணக்கு. 2010-இல் குவாங்சோ மக்கள் தெருவில் இறங்கியது அதனால்தான். ஆயினும், ஒலியைக் கற்பிக்க ஒரு முறை, அதில் தேர்ந்த ஆசிரியர், அதைச் சோதிக்க ஒரு தேர்வு என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு தலைமுறையின் நாவையே மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அந்த மூன்றில் தேர்வு மட்டும் ஆங்கிலத்துக்கு மெல்ல வரத் தொடங்கியிருக்கிறது. பெய்ஜிங்கின் நுழைவுத் தேர்வில் 2021 முதல் ஆங்கிலத்துக்கான 150 மதிப்பெண்களில் 50 மதிப்பெண் கேட்டலுக்கும் பேச்சுக்கும் கணினி வழியாக வழங்கப்படுகிறது. இதில் 20 மதிப்பெண் பேச்சுக்கு. குவாங்டாங், ஷாங்காய் ஆகியவையும் இப்பாதையில் முன்பே அடியெடுத்து வைத்தவை. பேச்சை மதிப்பிடும் கணினி நுட்பத்தில் ஹெஃபேய் நகரின் ஐஃப்ளைடெக் போன்ற சீன நிறுவனங்கள் முன்னணியில் உள்ளன. ஆனால், தேர்வு மட்டும் வந்து ஆசிரியர் வராவிட்டால், கடைசியில் அதுவும் நகரத்துப் பிள்ளைகளுக்கே சாதகமாகும்.

கேட்பவரின் கடமை

பேசுபவர் மட்டும் திருந்தினால் போதுமா என்பதும் கேட்கப்பட வேண்டும். 1992-இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ரூபின், அமெரிக்கப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் ஆற்றிய ஒரே விரிவுரையின் ஒலிப்பதிவை மாணவர்களின் இரு குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவுக்கு வெள்ளையினப் பெண்ணின் படத்தையும், மற்றதற்குச் சீன முகச்சாயல் உள்ள பெண்ணின் படத்தையும் காட்டினார். சீன முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதே பேச்சு குறைவாகவே புரிந்தது. அயல் உச்சரிப்பு இருப்பதாகவும் அவர்கள் கருதினார்கள். குறை பல நேரங்களில் பேசுபவரின் நாவில் இல்லை, கேட்பவரின் கண்ணில் இருக்கிறது. சீன மாணவர் எவ்வளவு பயின்றாலும் இந்தத் தடையை அவரால் மட்டும் தகர்க்க முடியாது.

இங்கேதான் இந்தியாவுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நாடாளுமன்றத்தில் வங்காள ஆங்கிலமும் பஞ்சாபி ஆங்கிலமும் மலையாள ஆங்கிலமும் தமிழ் ஆங்கிலமும் ஒலிக்கின்றன. யாரும் எழுந்து உச்சரிப்பைக் காரணம் காட்டி ஒழுங்குப் பிரச்னை எழுப்புவதில்லை. ஆனால், அவைக்கு வெளியே குர்காவிலும் நொய்டாவிலும் அழைப்பு மைய இளைஞர்களுக்குத் தம் ஊரின் சாயலை மறைக்கவே பயிற்சி தரப்பட்டது. 2025-இல் டெலிபெர்ஃபார்மன்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனம், இந்திய ஊழியர் பேசும்போதே அவரது உச்சரிப்பை மாற்றித் தரும் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. இனி உச்சரிப்புப் பயிற்சியே தேவையில்லை, இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் சீனாவிலும் இந்தியாவிலும் வலுப்பெறலாம். இயந்திரம் முதலாளியின் கையில் இருக்கும்வரைதான் அந்தக் குரல் ஊழியருக்கு. வேலை போனால் குரலும் போய்விடும். கற்ற மொழியோ யாராலும் பறிக்க முடியாத உடைமை.

ஆகவே, பெய்ஜிங்கில் அடுத்த மார்ச்சில் ஆங்கிலத்தின் இடம் குறித்து மீண்டும் யாரேனும் எழுந்து பேசினால், கேட்க வேண்டியது எத்தனை பாடவேளை என்பதல்ல; அந்தப் பாடவேளையில் குழந்தை வாய் திறக்கிறதா என்பதே. தில்லியில் கல்விக் கொள்கை பேசுவோரும் இதே கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். அயலவரைப் போலப் பேச வேண்டிய கட்டாயம் எந்தக் குழந்தைக்கும் இல்லை. ஆனால், தான் சொல்ல வந்ததை உலகம் புரிந்துகொள்ளும்படி சொல்லும் உரிமை எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அந்த உரிமையை விலை கொடுத்து வாங்கும் பண்டமாக விட்டுவைப்பது மக்களாட்சிக்கும் அழகல்ல, பொதுவுடைமை பேசும் அரசுக்கும் அழகல்ல.